இருண்ட சக்தியும் இரண்டு வரைபடங்களும்



சென்ற ஆண்டு நிலவில்லாத ஓர் இரவில், உயர்தர வகுப்பு மாணவிகள் சிலரையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு சல்லிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். நகரத்து விளக்குகளின் வெளிச்சம் அங்கே குறைவு. கண் இருட்டுக்குப் பழகியதும் பால்வீதி மெல்லிய முகில்போலத் தெரியத் தொடங்கியது. அப்போது ஒரு மாணவி கேட்டார்:

"டீச்சர், பிரபஞ்சத்தில் பெரும்பகுதி இருண்ட சக்தி என்று சொல்கிறீர்கள். அதைக் கண்ணாலும் காண முடியாது, கருவியாலும் பிடிக்க முடியாது என்றால், அது இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம்?"

நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தில் உள்ள விடையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைவிட நல்ல விடை, பக்கத்தில் வள்ளத்தோரம் வலை பார்த்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

கடலில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தல்

கடலடியில் மீன் கூடும் கற்பார்கள் உண்டு. நீருக்கு மேலே அவற்றின் அடையாளம் எதுவும் தெரியாது. அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்று ஒரு மாணவியின் தந்தை அவரிடம் கேட்டார்.

"கரையில இருக்கிற கோயிலையும் அதுக்குப் பின்னால நிக்கிற பனையையும் ஒரே நேரா எடுப்பம். அது ஒரு கோடு. ஆனா அந்தக் கோட்டில எவ்வளவு தூரம் போனாலும் ரெண்டும் நேராத்தான் நிக்கும். அதால தெற்கால கோணேசர் மலையையும் அதுக்கு அங்கால தெரியிற கரையில ஓர் அடையாளத்தையும் சேர்த்து இன்னொரு கோடு பிடிப்பம். ரெண்டும் வெட்டுற இடத்தில நங்கூரத்தைப் போட்டாச் சரி. பாரைக் கண்ணால பார்க்கத் தேவையில்லை, பிள்ளையள்."

"இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே பக்கமாகப் போனால்?" என்று கேட்டார் ஒரு மாணவி.

"அப்ப இடம் பிடிபடாது. குறுக்க வெட்டினாத்தான் சரி."

அவர் இன்னொரு விடயமும் சொன்னார். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். இருண்ட சக்தியை ஆராயும் விஞ்ஞானிகள் செய்வதும் இந்த மீனவர் செய்வதும் அடிப்படையில் ஒன்றுதான். அவர்களுடைய இரண்டு கோடுகள் எவை என்று நோக்குவோம்.

விரியும் பிரபஞ்சம்

நமது சூரியன் பால்வீதி என்னும் விண்மீன் திரளில் உள்ள ஒரு சாதாரண விண்மீன். பால்வீதியைப் போன்ற விண்மீன் திரள்கள் பிரபஞ்சத்தில் எண்ணிலடங்காதவை. தொலைவிலுள்ள திரள்கள் நம்மைவிட்டு விலகிச் செல்கின்றன, தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று 1929 இல் எட்வின் ஹபிள் காட்டினார். பேக்கரியில் பொங்கும் பணிஸ் மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மா பொங்கும்போது அதற்குள் இருக்கும் பிளம்ஸ் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. பிளம்ஸ் தாமாக நடந்து போகவில்லை. இடையிலுள்ள மாதான் விரிகிறது. பிரபஞ்ச விரிவும் அத்தகையதே.

மேலே எறிந்த பந்தின் வேகம் ஈர்ப்பினால் குறைந்துகொண்டே போகும். அதுபோலப் பிரபஞ்சத்தின் விரிவும் மெல்ல மெல்லத் தளர்ந்துவரும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். ஆனால் 1998 இல், வெடித்துச் சிதறும் விண்மீன்களாகிய சுப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள் இதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டன. விரிவு தளரவில்லை, வேகம் பிடிக்கிறது. எறிந்த பந்து கீழே வராமல், மேலே போகப் போக விரைவதைப் போன்ற அதிசயம் அது. இதற்காக சோல் பேர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், அடம் ரீஸ் ஆகிய மூவரும் 2011 இல் நோபல் பரிசு பெற்றனர்.

விரிவை இவ்வாறு முடுக்கும் காரணிக்குத்தான் இருண்ட சக்தி என்று பெயர். பெயர் வைத்துவிட்டதால் அது என்னவென்று அறிந்துவிட்டோம் என்று பொருளல்ல.

முதலாவது வரைபடம்: மிகப் பழைய ஒளி

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதன் முதல் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளில் எங்கும் மிகுந்த வெப்பம் நிலவியது. இலத்திரன்களும் புரோத்தன்களும் பிரிந்தே திரிந்தன. மூடுபனிக்குள் வாகன விளக்கின் ஒளி சிதறுவதுபோல, ஒளி நேராகச் செல்ல முடியாமல் சிதறிக்கொண்டிருந்தது. வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்தபோது இலத்திரன்களும் புரோத்தன்களும் சேர்ந்து ஐதரசன் அணுக்களாயின. பனி விலகியதுபோல ஒளி விடுதலை பெற்றது. அந்த ஒளி இன்றும் நம்மை வந்தடைந்துகொண்டிருக்கிறது. பிரபஞ்ச விரிவினால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டு, இப்போது நுண்ணலையாக உள்ளது. அதன் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின். இதனை அண்ட நுண்ணலைப் பின்னணி என்பர்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஆர்னோ பென்சியாஸ், றொபேர்ட் வில்சன் என்ற இருவர் 1964 இல் இதனைத் தற்செயலாகக் கண்டனர். அலைவாங்கியில் கேட்ட ஓயாத இரைச்சலுக்குப் புறாக்களின் எச்சம் காரணமாக இருக்கலாம் என்றெண்ணி அதைக்கூடத் துப்புரவு செய்து பார்த்தனர். இரைச்சல் நிற்கவில்லை. 1978 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒளி எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவானது. ஆயினும் இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் சிற்றேற்றத்தாழ்வுகள் உண்டு. 1992 இல் கோபி செய்மதி அவற்றை முதலில் கண்டது. 2001 இல் ஏவப்பட்ட டபிள்யூமாப் செய்மதியும் 2009 இல் ஏவப்பட்ட பிளாங்க் செய்மதியும் அவற்றை நுணுக்கமாக வரைந்தன.

அந்த ஏற்றத்தாழ்வுகள் ஏன் வந்தன? தொடக்ககாலச் சூடான கலவையில் ஈர்ப்பு பொருளை உள்ளே இழுத்தது, ஒளியின் அமுக்கம் வெளியே தள்ளியது. இந்த இழுபறியால் ஒலியலைகள் தோன்றிப் பரவின. ஒளி விடுதலை பெற்ற கணத்தில் அவை அப்படியே உறைந்துவிட்டன. அதுவரை ஓர் அலை எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதைப் பௌதிகவியலைக் கொண்டு கணித்துவிடலாம். எனவே, நீளம் தெரிந்த ஓர் அடிமட்டம் வானத்தில் நமக்குக் கிடைத்துவிட்டது. இன்று பார்க்கும்போது அதன் அடையாளம் ஏறத்தாழ ஒரு பாகை அகலமான புள்ளிகளாகத் தெரிகிறது. முழுநிலவின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு அது.

வெளி வளைந்திருந்தால் இந்த அடிமட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றியிருக்கும். அன்டார்க்டிக்காவில் பறக்கவிடப்பட்ட பூமராங் என்ற பலூன் கருவியின் முடிவுகள் 2000 இல் வெளிவந்தபோது, வெளி தட்டையானது என்பது தெளிவாகியது. தட்டையான வெளிக்குத் தேவையான மொத்த அளவை 1 என எடுத்துக்கொண்டால், சடப்பொருளின் பங்கும் இருண்ட சக்தியின் பங்கும் சேர்ந்து அண்ணளவாக 1 ஆக வேண்டும். இது முதலாவது கோடு. ஆனால் எது எவ்வளவு என்பதை இந்தக் கோடு தனியாகச் சொல்லாது. கோயிலையும் பனையையும் மட்டும் பார்த்துக்கொண்டு கடலில் நிற்கும் நிலைதான் இது.

இரண்டாவது வரைபடம்: விண்மீன் திரள்களின் கணக்கெடுப்பு

பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல் சூஃபி, 964 ஆம் ஆண்டளவில் எழுதிய நிலைத்த விண்மீன்கள் பற்றிய நூலில், அந்திரொமீடா உடுத்தொகுதியில் ஒரு சிறு முகில் தெரிவதாகக் குறித்தார். தொலைகாட்டி இல்லாத காலத்தில் செய்த அவதானிப்பு அது. அந்த முகில் இன்னொரு விண்மீன் திரள் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று.

இன்று அத்தகைய திரள்களை இலட்சக்கணக்கில் கணக்கெடுக்கிறார்கள். 2000 இல் நியூ மெக்சிக்கோவில் தொடங்கிய ஸ்லோன் வான் கணக்கெடுப்பு இதில் முன்னோடி. வானத்தின் ஒரு பகுதியில் திரள்கள் இருக்கும் இடங்களுக்கு ஏற்ப அலுமினியத் தகட்டில் 640 துளைகள் இட்டார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒளியியல் நார் ஒன்றைக் கையாலேயே செருகினார்கள். இவ்வாறு ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான திரள்களின் ஒளியைப் பகுத்து, அது எவ்வளவு செந்நிறப் பக்கம் நகர்ந்துள்ளது என்று அளந்தார்கள். அதிலிருந்து தொலைவு தெரியவரும்.

நுண்ணலைப் பின்னணியில் கண்ட அதே ஒலியலைகளின் தடம் இங்கும் உண்டு. அலை உறைந்த இடங்களில் பொருள் சற்று அதிகமாகத் தங்கியது, பின்னர் அங்கே திரள்கள் சற்று அதிகமாகத் தோன்றின. ஆகவே இன்றைய அளவில் 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் திரள்களின் இணைகள் எதிர்பார்த்ததைவிடச் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும். 2005 இல் ஸ்லோன் குழுவினர் 46,748 திரள்களை ஆராய்ந்து இந்தத் தடத்தைக் கண்டனர். அதே அடிமட்டத்தைப் பிரபஞ்சத்தின் சிறுவயதிலும் வளர்ந்த வயதிலும் வைத்து அளக்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. திரள்கள் கூடியிருக்கும் பாங்கிலிருந்து சடப்பொருளின் பங்கு ஏறத்தாழ 0.3 என்பதும் தெரியவந்தது. இது இரண்டாவது கோடு.

கோடுகள் சந்திக்கும் இடம்

சாதாரண தர மாணவிகளும் செய்யக்கூடிய ஒரு கணக்கு இது. சடப்பொருளின் பங்கை ச என்றும், இருண்ட சக்தியின் பங்கை இ என்றும் வைத்துக்கொள்வோம்.

நுண்ணலைப் பின்னணி சொல்வது: ச + இ = 1
விண்மீன் திரள்கள் சொல்வது: ச = 0.3

ஆகவே இ = 0.7. பிரபஞ்சத்தில் பத்தில் ஏழு பங்கு இருண்ட சக்தி. யாரும் அதைக் காணவில்லை. ஆனால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் அதுதான்.

இனி, சுப்பர்நோவாக்கள் தரும் மூன்றாவது கோட்டை அண்ணளவாக இப்படி எழுதலாம்: 4ச − 3இ = −1. மேலே கிடைத்த பெறுமானங்களைப் பிரதியிட்டால் 1.2 − 2.1 = −0.9. விடை −1 க்கு மிகக் கிட்ட வருகிறது. முதலாம் சமன்பாட்டையும் மூன்றாம் சமன்பாட்டையும் மட்டும் ஒருங்கமை சமன்பாடுகளாகத் தீர்த்துப் பாருங்கள். ச = 2/7, இ = 5/7 என வரும். அதாவது 0.29 உம் 0.71 உம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கருவிகளால், வேறு வேறு பொருள்களை அளந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இருண்ட சக்தி உண்டு என்று விஞ்ஞானிகள் துணிந்து கூறுவதற்கு இதுவே காரணம். வரைபுத்தாளில் இந்த மூன்று நேர்கோடுகளையும் வரைந்து பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தல்

இரண்டு வரைபடங்களையும் இணைக்க இன்னொரு வழியும் உண்டு. அதில் நமது நாட்டில் பிறந்த ஒரு பெண்ணின் பங்களிப்பு இருக்கிறது.

பள்ளமான வீதியில் துவிச்சக்கரவண்டி ஓட்டுவதை எண்ணிப் பாருங்கள். இறங்கும்போது வேகம் கூடும். ஏறும்போது அதே அளவு குறையும். நீங்கள் பள்ளத்துக்குள் இருக்கும்போதே அந்தப் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிட்டால்? ஏறவேண்டிய உயரம் குறையும், கொஞ்ச வேகம் மிச்சமாகும். விண்மீன் திரள்கள் நெருங்கிக் கூடியுள்ள பெரும் பிரதேசங்கள் ஒளிக்கு இத்தகைய ஈர்ப்புப் பள்ளங்கள். பழைய நுண்ணலை ஒளி அதற்குள் நுழைந்து வெளியேறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லும். தட்டையான பிரபஞ்சத்தில் இருண்ட சக்தி இல்லையென்றால், அந்தக் காலத்தில் பள்ளத்தின் ஆழம் மாறாது. இருண்ட சக்தி இருந்தால் பள்ளம் மெல்ல ஆழம் குறையும். அப்போது வெளிவரும் ஒளியில் மிகச் சிறிதளவு சக்தி மிச்சமாகும், அந்த இடம் சற்றுச் சூடாகத் தெரியும்.

இந்தச் சூடு, பின்னணியின் இயல்பான ஏற்றத்தாழ்வுகளுக்குள் மறைந்து கிடக்கும். நுண்ணலை வரைபடத்தை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. திரள்களின் வரைபடத்தை அதன்மேல் வைத்து, திரள்கள் நிறைந்த திசைகளில் சராசரியாகச் சற்றுச் சூடு கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். 1996 இல் றொபேர்ட் கிரிட்டன்டன், நீல் டுரொக் ஆகியோர் இந்த யோசனையை முன்வைத்தனர். ஸ்லோன் கணக்கெடுப்பையும் நுண்ணலை வரைபடத்தையும் இவ்வாறு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று 2000 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கணித்துக் காட்டியது. அதை எழுதியவர்கள் இருவர். ஒருவர் பேராசிரியர் டேவிட் ஸ்பேர்கல். மற்றவர் அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஹிரண்யா பீரிஸ். இலங்கையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கென அமைந்த நியூ ஹோல் கல்லூரியில் பயின்றவர்.

டபிள்யூமாப் செய்மதியின் வரைபடம் 2003 இல் வெளியானபின், அந்த மெல்லிய சூட்டைக் கண்டதாகச் சில குழுக்கள் அறிவித்தன. தனித்து நின்று தீர்ப்புச் சொல்லுமளவுக்கு வலுவான சான்று அல்ல அது. ஆனாலும் மற்றைய சான்றுகளோடு ஒத்துப்போகும் சுயாதீனமான சான்று. டபிள்யூமாப் குழுவில் பணியாற்றிய ஹிரண்யா பீரிஸ் 2018 இல் அக்குழுவினருடன் பிரேக்துரூ பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று அவர் கேம்பிரிட்ஜில் 1909 இல் நிறுவப்பட்ட வானியற்பியல் பேராசிரியர் பதவியை வகிக்கிறார். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவரே.

கோடுகள் சந்திக்காதபோது

சல்லி மீனவர் சொன்ன இன்னொரு விடயத்தைப் பிறகு சொல்வதாகக் கூறியிருந்தேன். அது இதுதான்:

"மூண்டாவது அடையாளம் ஒண்டையும் பார்த்துக்கொள்ளுவம். மூண்டு கோடும் ஒரு இடத்தில சந்திக்காட்டி யோசிக்க வேணும். ஒண்டில் அடையாளத்தைப் பிழையா எடுத்திருப்பம். இல்லாட்டி, பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்துக்குள்ள நீரோட்டம் வள்ளத்தை இழுத்திருக்கும்."

இன்றைய வானவியல் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையிலுள்ள 4 மீற்றர் தொலைகாட்டியில் டெசி என்னும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. 5,000 ஒளியியல் நார்களைச் சிறு இயந்திரங்கள் தாமாகவே இடத்துக்கு இடம் நகர்த்துகின்றன. 2025 மார்ச்சில் வெளியான அதன் முடிவுகள், ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் விண்மீன் திரள்களையும் குவேசார்களையும் அடிப்படையாகக் கொண்டவை.

இருண்ட சக்தியின் அடர்த்தி காலத்தால் மாறாதது என்பதே நீண்டகாலக் கருத்து. டெசியின் அளவீடுகளைத் தனியாகப் பார்த்தால் இக்கருத்தோடு பொருந்துகின்றன. நுண்ணலைப் பின்னணியும் தனியாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து, சுப்பர்நோவாக்களையும் வைத்தால், கோடுகள் ஒரே இடத்தில் சரியாகச் சந்திக்கவில்லை. இருண்ட சக்தி காலத்தோடு மாறுகிறது, முன்னரைவிட இப்போது தளர்ந்துவருகிறது என்று கொண்டால் அவை நன்றாகப் பொருந்துகின்றன. மீனவர் கூறியபடி, வள்ளம் நகர்ந்திருக்கலாம்.

அல்லது அடையாளத்தைப் பிழையாக எடுத்திருக்கலாம். இம்முடிவின் உறுதி, எந்தச் சுப்பர்நோவாத் தொகுதியைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 நியம விலகல் வரை வேறுபடுகிறது. பௌதிகவியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 நியம விலகல் வேண்டும். தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்றுதான். ஆகவே விஞ்ஞானிகள் அறிகுறி என்று மட்டுமே சொல்கிறார்கள். மேலும் அளக்கிறார்கள். இருண்ட சக்தி மாறாதது எனில் பிரபஞ்சம் என்றென்றும் விரைந்து விரிந்துகொண்டே போகும். மாறுவது எனில் அதன் எதிர்காலத்தை இன்றே எழுதிவிட முடியாது.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும்

அந்த இரவில் கேள்வி கேட்ட மாணவிக்கு நான் சொன்ன விடை இதன் சுருக்கமே. காணாத ஒன்றை நம்பச் சொல்லி விஞ்ஞானம் யாரையும் கேட்பதில்லை. ஒரு சான்றைக் கொண்டு ஒரு கோடு வரை, அதற்குக் குறுக்கே வெட்டும் இன்னொரு சான்றைத் தேடு, மூன்றாவதால் சரிபார், பொருந்தாவிட்டால் மறைக்காதே என்றுதான் சொல்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்கு வானவியல் எதற்கு, கணிதப் பிரிவு எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் எழத்தான் செய்கிறது. பிளாங்க் செய்மதியின் வரைபடங்களும் ஸ்லோன், டெசி ஆகிய கணக்கெடுப்புகளின் தரவுகளும் இன்று இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியவாறு வைக்கப்பட்டுள்ளன. 2007 இல் தொடங்கிய கலக்சி ஸூ திட்டத்தில், விண்மீன் திரள்களின் படங்களை வகைப்படுத்திப் பொதுமக்களே ஆய்வுக்கு உதவுகிறார்கள். திருகோணமலையிலுள்ள ஒரு மாணவியும் வீட்டிலிருந்தபடி அதில் சேரலாம். தொலைகாட்டி வாங்கத் தேவையில்லை. பௌதிகவியலும் கணிதமும் கற்கும் ஊக்கமும், அதற்கு வீட்டில் கொஞ்சம் இடமும் இருந்தால் போதும்.

நாங்கள் வீடு திரும்பப் புறப்பட்டபோது அந்த மீனவர் வள்ளத்தைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட மாணவி தன் தந்தையிடம், "வாப்பா, வரைபுத்தாள் ஒன்று வாங்க வேண்டும்" என்றார். மறுநாள் அவர் மூன்று கோடுகளையும் வரைந்து கொண்டுவந்தார். நீங்களும் வரைந்து பாருங்கள்.